20 ரெஃபரன்ஸ் போட்டுத் தாங்கக்கா!

போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுக்கலாம்னு பார்த்தா, வாட்ஸப்புல சித்தி பொண்ணு. நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில பி.எஸ்ஸி நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறா. "அக்கா, ப்ராஜெக்ட் எழுதி முடிச்சாச்சு. இனி ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி. ஒரு 20 போட்டுத் தாங்கக்கா. உங்க லைப்ரரியில எல்லாம் கெடைக்கும்லா?"

சாம்பாரை இறக்கி வச்சுட்டு கடைசியா கொத்தமல்லி தூவச் சொல்ற மாதிரி! சிரிப்பு வந்துச்சு. ஆனா ரொம்ப நேரம் சிரிக்க முடியலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மெல்பர்ன் வந்து இறங்கின புதுசுல நானும் இதே கொத்தமல்லிதான் தூவினேன். கையும் களவுமா மாட்டவும் செஞ்சேன்.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். பதிவு கொஞ்சம் நீளம் மக்கா. காபி போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நம்ம ஊர்ல படிச்சப்போ 'இதை யார் சொன்னது?'ன்னு யாரும் என்கிட்ட கேட்டதே இல்லை. புத்தகத்துல இருக்கிறதை அப்படியே எழுதினா முழு மார்க், சொந்தமா எழுதினா சிவப்பு மையில கோடு. இங்க வந்தா தலைகீழ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'இது எங்கேருந்து வந்தது?'ன்னு கேட்கிறாங்க. முதல் அசைன்மென்ட்டே படுக்கைப்புண் பற்றி. 1500 வார்த்தை, குறைஞ்சது 10 ரெஃபரன்ஸ், பெரும்பாலும் கடைசி 10 வருஷத்துல வந்ததா இருக்கணும்.

நானும் கூகிள்ல 'பெட்சோர்'னு அடிச்சேன். மெத்தை விக்கிற கடையெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. :-)

நேரா நூலகத்துக்குப் போய் நின்னேன். அங்க இருந்த நூலகர் ரொம்பப் பொறுமைசாலி. அவங்க சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னிக்கும் உதவுது. "நீ தேடுறது நோயாளி பேசுற வார்த்தை. கட்டுரை எழுதுறவங்க என்ன வார்த்தை பேசுவாங்கன்னு யோசி." நம்ம ஊர்ல ஒரே ஆளுக்கு வீட்டுல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, தெருவுல ஒரு பட்டப்பேரு இருக்கும் பாருங்க, அந்த மாதிரி இந்தப் புண்ணுக்கும் அஞ்சாறு பேரு. பெட்சோர், டெகுபிடஸ் அல்சர், ப்ரஷர் சோர், ப்ரஷர் அல்சர். 2016ல அமெரிக்க வல்லுநர் குழு ஒண்ணு 'அல்சர்' வேணாம், 'ப்ரஷர் இஞ்சுரி'ன்னு சொல்லுங்கன்னு மாத்திடுச்சு. பழைய கட்டுரையில பழைய பேரு, புதுசுல புதுப் பேரு. எல்லாத்தையும் நடுவுல 'ஆர்' போட்டுக் கோர்த்துத் தேடினாத்தான் ஆள் முழுசா சிக்குவார். அதோட 'ஆண்ட்' போட்டு 'வயதானவர்', 'திருப்பிப் படுக்க வைத்தல்'னு சேர்த்தா வலை சுருங்கும். 'ஆர்' வலையை விரிக்கும், 'ஆண்ட்' சுருக்கும். இவ்வளவுதான் வித்தை.

தேடுறதுக்கு முன்னாடி கேள்வியை நாலா உடைக்கணும்னும் சொல்லித் தந்தாங்க. நோயாளி யாரு, நாம என்ன செய்யப் போறோம், எதோட ஒப்பிடுறோம், என்ன பலன் எதிர்பார்க்கிறோம். இதுக்கு 'பைக்கோ'ன்னு பேரு, 1995லேருந்து புழக்கத்துல இருக்கு. இந்த நாலுல முதல் கேள்வியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. நோயாளி யாரு? பின்னால வேலை இருக்கு.

எங்க தேடுறதுன்னா, நர்சிங்குக்கு சினால்னு ஒரு தரவுத்தளம் இருக்கு. 1940கள்ல கட்டுரைகளை ஒவ்வொரு அட்டையா எழுதி வச்சு ஆரம்பிச்ச பட்டியல் அது. 1961ல அச்சுப் புத்தகமா வந்து, இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கு. மருத்துவத்துக்கு 1996ல வந்த பப்மெட், அது எல்லாருக்கும் இலவசம். பல ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்டுச் சொல்ற வேலைக்கு காக்ரன்.

ரெஃபரன்ஸ்ங்கிறது ஒரு தபால் முகவரி மாதிரி. எழுதினவர், வருஷம், கட்டுரைத் தலைப்பு, இதழ், தொகுதி எண், பக்க எண். கடைசியில 10ன்னு ஆரம்பிக்கிற டிஓஐ எண் இருந்தா அது கட்டுரையோட ஆதார் நம்பர், இணையதளம் வீடு மாறினாலும் நம்பர் மாறாது. இதையெல்லாம் கத்துக்கிட்டு முதல் அசைன்மென்ட்ல நல்ல மார்க்கும் வாங்கிட்டேன். தலை கொஞ்சம் கனத்துப் போச்சு.

ரெண்டாவது அசைன்மென்ட், ஆபரேஷனுக்கு அப்புறம் வலியைக் குறைக்கிறது பற்றி. அந்த வாரம் முதியோர் இல்லத்துல பார்ட் டைம் வேலையும் சேர்ந்துக்கிச்சு. மாணவர் விசாவுல வகுப்பு நடக்கிறப்போ ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அந்த 48ஐயும் முழுசா பார்த்தாத்தான் வாடகை கட்ட முடியும். படிக்க நேரமில்லை. ஒரு கட்டுரையில 'ஓபியாய்டு வலி மருந்து கொடுக்கிற நோயாளிகள் அடிமையாவது மிக அபூர்வம்'னு ஒரு வரி, பக்கத்துல 'போர்ட்டர், ஜிக், 1980'ன்னு போட்டிருந்துச்சு. வரியையும் எடுத்தேன், ரெஃபரன்ஸையும் அப்படியே எடுத்தேன். பழசுதான், ஆனா எல்லாரும் காட்டுற முக்கியமான ஆய்வாச்சேன்னு ஒரு தைரியம்.

எங்க விரிவுரையாளர் கூப்பிட்டாங்க. (இங்க வாத்தியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு இன்னும் வாய் வரலை, 'எக்ஸ்க்யூஸ் மீ'யிலயே காலத்தை ஓட்டுறேன்.) கேட்டது ஒரே கேள்வி. "இந்த 1980 கட்டுரை எத்தனை பக்கம்?"

முழிச்சேன். அவங்க என் பேப்பரையே திருப்பிக் காட்டினாங்க. தொகுதி 302, பக்கம் 123. ஒரே ஒரு எண். ஒரு பக்கத்துல எந்த ஆய்வுக் கட்டுரை அடங்கும்? நான் என் கையால டைப் பண்ணின முகவரியே 'இது பெரிய ஆய்வு இல்லடி'ன்னு கத்திச் சொல்லியிருக்கு. எனக்குக் கேட்கலை.

"போய்ப் படிச்சுட்டு வா"ன்னு அனுப்பிட்டாங்க. படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகலை மக்கா. மொத்தம் அஞ்சு வாக்கியம். நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல 1980 ஜனவரியில வந்த ஒரு வாசகர் கடிதம். ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக்னு ரெண்டு பேர் எழுதினது. ஆஸ்பத்திரியில சேர்ந்த 39,946 பேரோட பதிவுகளைப் பார்த்தோம், அதுல 11,882 பேருக்கு ஒரு தடவையாவது போதை வகை வலி மருந்து கொடுத்திருக்காங்க, முன்னாடி போதைப் பழக்கம் இல்லாதவங்கள்ல அடிமையானதா ஓரளவு உறுதியாச் சொல்ல முடிஞ்சது 4 பேர்தான். சாரம் இவ்வளவே. எத்தனை நாள் மருந்து கொடுத்தாங்க, வீட்டுக்குப் போன பிறகு என்னாச்சு, எதுவும் அதுல இல்லை.

கடிதம் பொய் சொல்லலை. ஆஸ்பத்திரியில, டாக்டர், நர்ஸ் கண்ணு முன்னால மருந்து வாங்கினவங்களைப் பற்றி அது சொல்லுது. அதைக் கொண்டுபோய், வீட்டுல மாசக்கணக்கா, வருஷக்கணக்கா மாத்திரை முழுங்குற முதுகுவலிக்காரருக்குப் பொருத்தினது பின்னால வந்தவங்க. நோயாளி யாருங்கிற முதல் கேள்வியை யாரும் கேட்கலை.

2017ல கனடா ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டின கட்டுரைகளை எல்லாம் தேடி எண்ணி, அதே இதழ்ல வெளியிட்டாங்க. 608 கட்டுரைகள். அதுல 439, அதாவது 72.2 சதவீதம், 'அடிமையாவது அபூர்வம்' என்பதற்கு ஆதாரமா இதைக் காட்டியிருக்கு. 491 கட்டுரைகள், 80.8 சதவீதம், அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில இருந்தவங்கன்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. அஞ்சு வாக்கியத்தைப் படிக்க எத்தனை பேருக்கு நேரமில்லாம போயிருக்கு பாருங்க! என்னையும் சேர்த்துத்தான்.

இதுல வேடிக்கை எதுவும் இல்லை. 1990களோட நடுவுல ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்த பிறகு இந்த மேற்கோள்கள் கிடுகிடுன்னு ஏறியிருக்கு. அதைத் தயாரிச்ச பர்டூ நிறுவனம், மருந்தோட அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைச்சுக் காட்டி வித்ததுக்காக 2007ல அமெரிக்க நீதிமன்றத்துல குற்றத்தை ஒத்துக்கிச்சு. 1999லேருந்து 2022 வரைக்கும் அந்த நாட்டுல ஓபியாய்டு அளவு மீறிச் செத்தவங்க 7 லட்சத்துக்கும் மேல. அத்தனைக்கும் ஒரு கடிதம்தான் காரணம்னு சொன்னா அதுவும் தப்பு. ஹெராயின், கள்ளச் சந்தை ஃபென்டனில்னு நிறைய இருக்கு. ஆனா 'பயப்படாம எழுதிக் கொடுங்க'ன்னு டாக்டர்களுக்குத் தைரியம் கொடுத்த பேச்சுக்கு இந்தக் கடிதம் ஒரு ஊன்றுகோல். ஜிக்கே பின்னால, தன் கடிதம் இப்படிப் பயன்பட்டதை நினைச்சு வெட்கப்படுறதா செய்தி நிறுவனத்துக்கிட்ட சொன்னார்.

(இதைப் படிச்சுட்டு மார்ஃபினே கூடாதுன்னு யாரும் கிளம்பிடாதீங்க. புற்றுநோய் வலியில துடிக்கிறவங்களுக்கு அது கிடைக்காம போறது நம்ம நாட்டோட பெரிய பிரச்சனை. அதுவும் பயத்தைச் சரிபார்க்காம கைமாத்தி விட்டதால வந்த வினைதான்.)

சரி, இதுக்கும் கட்டில் பக்கத்துல நிக்கிற நர்சுக்கும் என்ன சம்பந்தம்?

இங்க நர்சிங் முடிக்க குறைஞ்சது 800 மணி நேரம் வார்டுல பயிற்சி எடுக்கணும். அப்படி ஒரு காலை ஷிஃப்ட். நைட் நர்ஸ் ஹேண்டோவர் கொடுக்கிறாங்க: 'அலர்ஜி எதுவும் இல்லை.' அதுக்கு முந்தின ஷிஃப்ட் தாள்லயும் அதேதான், அதுக்கு முந்தினதுலயும் அதேதான். எனக்குப் பொறுப்பா இருந்த நர்ஸ் எல்லாத்தையும் கேட்டுட்டு, நேரா கட்டிலுக்குப் போய் அந்தப் பாட்டிகிட்ட கேட்டாங்க. "ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" பாட்டி சாவகாசமா, "சின்ன வயசுல பெனிசிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. யாரும் கேட்கலையே"ன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல கையில சிவப்புப் பட்டை ஏறிடுச்சு.

மூணு தாளும் ஒரே விஷயத்தைச் சொன்னா அது மூணு ஆதாரம் இல்லை. முதல் ஆள் செஞ்ச தப்பை மத்த ரெண்டு பேரும் நகல் எடுத்திருக்காங்க, அவ்வளவுதான். அந்த 439 கட்டுரையும் அதே கதைதான்.

என் கருத்து இதுதான். சைட்டேஷன்ங்கிறது அலங்காரம் இல்லை, காப்பி அடிச்சேன்னு மாட்டாம இருக்கப் போடுற தாயத்தும் இல்லை. அது ஹேண்டோவர் தாள்ல போடுற கையெழுத்து. 'நான் நேர்ல போய்ப் பார்த்தேன்'னு அர்த்தம். பார்க்காம போட்டா பொய்க் கையெழுத்து. மூலத்தைப் பார்க்க முடியலையா? 'இன்னார் சொன்னதா இன்னார் கட்டுரையில படிச்சேன்'னு எழுத ஏபிஏ முறையில வழி இருக்கு. அப்படி எழுத வெட்கமா இருந்துச்சுன்னா, அந்த வெட்கம்தான் நம்மளைப் போய்ப் படிக்க வைக்கும்.

இது பல்கலைக்கழகத்தோட சொந்த வீம்பும் இல்லை. ஆஸ்திரேலியாவுல பதிவு பெற்ற நர்சுகளுக்கான 2016 தொழில் தரநிலைகள்ல முதல் தரமே, கிடைக்கிறதுல சிறந்த ஆதாரத்தைத் தேடி, அலசி, பயன்படுத்தணும்ங்கிறதுதான். ஊசி போடத் தெரியறது மாதிரி இதுவும் தொழில்.

அதுக்காக பல்கலைக்கழகங்களுக்கு நான் வக்காலத்து வாங்கலை. அவங்க மேலயும் தப்பு இருக்கு. கமா விட்டதுக்கும், சாய்வெழுத்து மறந்ததுக்கும் மார்க் குறைக்கிறாங்க. படிச்சியான்னு கேட்கிறவங்க எங்க விரிவுரையாளர் மாதிரி ஒரு சிலர்தான். 'குறைஞ்சது 10'னு சொன்னா, ரெண்டு வேலை பார்க்கிற பிள்ளை நாலைப் படிச்சுட்டு ஆறைத் தூவத்தான் செய்யும். நாலு போதும், ஆனா அதுல ஏதாவது ஒண்ணைப் பற்றி வாய்மொழியா கேள்வி கேட்பேன்னு சொல்லிப் பாருங்க, நிலைமை மாறும். கமாவை எல்லாம் ஜோட்டெரோ மாதிரி இலவச மென்பொருளே பார்த்துக்கும். சேமிச்ச கட்டுரையை யாராவது பின்னாடி வாபஸ் வாங்கியிருந்தா, அதுவே சிவப்புக் கொடியும் காட்டும்.

இப்ப புதுசா இன்னொரு கொத்தமல்லிக் கடை வேற திறந்திருக்கு. சாட்ஜிபிடிகிட்ட ரெஃபரன்ஸ் கேட்டா பேரு, வருஷம், இதழ், பக்கம் எல்லாம் பாந்தமா வரும். தேடிப் போனா சிலது போலி ரேஷன் கார்டு மாதிரி, முகவரி இருக்கும், ஆள் இருக்காது. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டுல கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டியதாச்சு. ஆனா நேர்மையாச் சொல்றேன், படிக்காத 1980 கடிதத்தை நான் போட்டதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் போட்டது நிஜமாவே இருந்தது என் அதிர்ஷ்டம்.

நாம பதிவு எழுதுறவங்களும் யோக்கியமான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. 'ஆய்வு ஒன்றில் கண்டறியப்பட்டுள்ளது'ன்னு எத்தனை தடவை எழுதியிருப்போம்? எந்த ஆய்வு, எந்த ஊரு, எத்தனை பேரு? தொல்காப்பியரே 'என்ப', 'மொழிப'ன்னு தனக்கு முன்னால சொன்னவங்களுக்கு மரியாதை செஞ்சுட்டுத்தான் இலக்கணம் சொல்றார். (பேரும் வருஷமும் போடலை, எங்க கல்லூரியில மார்க் போயிருக்கும்.) வளையாபதியும் குண்டலகேசியும் முழுசா நமக்குக் கிடைக்கலை. மத்தவங்க மேற்கோளா எடுத்து வச்சதால கொஞ்சம் பாட்டாவது தப்பிச்சுது. ஒழுங்கா எடுத்துக் காட்டினா காப்பியம் பிழைக்குது, ஏனோதானோன்னு காட்டினா ஆள் போயிடுது.

தங்கச்சி கதைக்கு வர்றேன். 20 தர மாட்டேன்னுட்டேன். "நீ படிச்ச மூணை அனுப்பு. ஒவ்வொண்ணுலயும் நோயாளி யாருன்னு ஒரு வரி எழுது"ன்னேன். "அக்கா, ரொம்ப ஓவரா பண்ணுதீங்க"ன்னு கோச்சுக்கிட்டா. அவ கோபத்துலயும் நியாயம் இருக்கு. எனக்கு ஒரு க்ளிக்ல திறக்கிற கட்டுரைக்கு அவகிட்ட 30, 40 டாலர் கேட்கும். 2025 ஜனவரியில இந்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கான இதழ்களைத் திறந்து விட்டிருக்கு. ஆனா அது ஆரம்பிச்சது அரசு நிறுவனங்களுக்கு, அவ படிக்கிறது தனியார் கல்லூரி. என் லாகினைக் கொடுன்னா, அது விதிப்படி தப்பு. அதனால பப்மெட் சென்ட்ரல்ல முழுசா இலவசமா கிடைக்கிறதைத் தேடச் சொன்னேன். கிடைக்காததுக்கு, எழுதினவருக்கே மரியாதையா ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னேன். பல பேர் சந்தோஷமா அனுப்பி வைப்பாங்க.

மூணு நாள் சத்தமே இல்லை. நேத்து ராத்திரி வாட்ஸப்.

அவ ப்ராஜெக்ட், வீட்டுல படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பார்த்துக்கிற குடும்பத்தாருக்கு, படுக்கைப்புண் வராம தடுக்கச் சொல்லிக் கொடுக்கிறது. "அக்கா, நான் முதல்ல போடலாம்னு வச்சிருந்த கட்டுரை முழுக்க ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களைப் பற்றிக்கா. அங்க மாறி மாறித் திருப்பிப் போட நர்ஸ் இருக்காங்க. நம்ம ஊர் வீட்டுல ஒத்தை மருமவதானே இருக்கா? இது பொருந்தாதுல்லா?"

பொருந்தாது ராசாத்தி. 491 கட்டுரைகள் கேட்காத கேள்வி அது.

அவ ரெஃபரன்ஸ் பட்டியல் இப்போ 7ல நிக்குது. ஏழையும் படிச்சிருக்கா. அவங்க மேடம் 20 கேட்பாங்களாம். நான் பேசுறேன்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: மேல சொன்ன அஞ்சு வாக்கியக் கடிதத்தை நான் சொன்னேன்னு யாரும் எடுத்துப் போடாதீங்க. ஒரு நிமிஷம்தான், நீங்களே போய்ப் படிங்க. :-)